அந்தக் கத்தி நம் வீட்டுக் கத்தி இல்லை

மகனே,

உன்னைப் போலீஸ் தேடுவதற்கு நான்தான் காரணம். செல்வத்தைக் குத்திய கத்தி என்று ஸ்டேஷனில் ஒரு கத்தியை என் முன்னால் வைத்தார்கள். "இது என் தகப்பனார் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது, எங்கள் வீட்டுக் கத்தி" என்று சொல்லி, எழுதியதற்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். நானாகத்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. அது நம் வீட்டுக் கத்தி இல்லை.

இதைக் கார்பன் வைத்து நான்கு பிரதியாக எழுதுகிறேன். மூன்றை உன் கூட்டாளிகள் மூன்று பேரிடம் கொடுப்பேன், ஒன்று வக்கீலிடம் இருக்கும். எதையும் உறைக்குள் போட்டு ஒட்டப்போவதில்லை. போலீஸ்காரர் வாங்கிப் படித்தாலும் படிக்கட்டும். நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. "நல்லா இருக்கேன், தேட வேண்டாம்" என்று நீ போட்ட கார்டில் தபால் முத்திரை பாதி விழுந்திருந்தது. ஊர்ப்பெயரைப் படிக்கிற அளவுக்கு அது இருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் நான் படிக்கவில்லை. எத்தனையோ தேய்ந்த எழுத்துகளை விடாமல் படித்த நான், அந்த ஒரு முத்திரையைப் பார்க்கப் பயந்து, கார்டை அடுப்பில் போட்டேன். தெரிந்தால் என் வாயிலிருந்து வாங்கிவிடுவார்கள். என் வாய் எப்படிப்பட்டது என்பது எனக்கு இப்போது தெரியும்.

பயமாக இருக்கிறது. இப்படி எழுத எனக்கு வெட்கமில்லை. தெருவில் புல்லட் வண்டிச் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் சோறு அப்படியே நிற்கிறது. நேற்று வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தபோது எழுந்து உள்ளே போய்விட்டேன். வந்தவர் தபால்காரர். செல்வம் பெரியாஸ்பத்திரியில் இன்னும் பேச்சு வராமல் கிடக்கிறான். அவன் பிழைத்து, குத்தியது யார் என்று சொன்னால் ஒரு வழி. சொல்லாமலே போய்விட்டால் அது கொலைக் கேஸ். அதில் என் கையெழுத்துதான் முதல் சாட்சி.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், உனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. நீங்கள் இருவரும் வேலை பார்க்கிற கப்பலூர்ப் பட்டறையில் அன்றைக்கு டீ நேரத்தில் நீயும் செல்வமும் சட்டையைப் பிடித்துக்கொண்டதைப் பட்டறையே பார்த்திருக்கிறது. சாயங்காலம் அவன் ரோட்டோரத்தில் குத்துப்பட்டுக் கிடந்தான். கருவேல முள்ளுக்குள் ஒரு கத்தி கிடைத்தது. நீ வெளியூருக்குப் பஸ் ஏறியிருந்தாய். மறுநாள் காலையில் சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல, "வீட்ல கத்தி கித்தி ஏதாச்சும் உண்டா பெரியவரே?" என்றார். எனக்கு மடியில் கனமில்லை. "உண்டு, பட்டாளத்துக் கத்தி" என்று பெருமையாகச் சொல்லி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். தோல் உறை மட்டும் இருந்தது. கத்தி இல்லை.

அந்த வெறும் உறையைக் கையில் எடுத்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல முடியாது. உன் அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சம்பவத்துக்கு நாலு நாள் முன்பே நீ கத்தியை எடுத்துப் பைக்குள் வைத்ததும், வெளியூரில் யாரிடமோ லென்ஸ் வைத்துப் பார்த்து அதில் தேய்ந்துபோன வருட நம்பரைத் தெரிந்துகொண்டு வருகிறேன் என்று சொன்னதும் அவளுக்குத் தெரியும். என் கோபத்துக்குப் பயந்து அவள் என்னிடம் சொல்லவில்லை. போலீஸுக்குப் பயந்து அவர்களிடமும் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் அவள் பேசியிருந்தால் போதும். இந்த வீட்டில் யாரையும் பேசவிடாமல் வைத்திருந்தவன் நான்.

என் தொழில் உனக்குத் தெரியும். இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மில் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. இங்கிலீஷ் எழுத்தை இரும்பிலிருந்துதான் படித்தேன். அரத்திலும் ரம்பத்திலும் அடித்திருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிக் கற்றுக்கொண்டேன். எந்த ஊர்ச் சாமான், எந்தக் காலத்துச் சாமான் என்று சொல்கிற அளவுக்கு அது வளர்ந்தது. ஊரில் பழைய கத்தி எங்கே கிடைத்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். அதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் பிடியைப் பார்க்க வேண்டும். எலும்பா, மரமா, பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை, நேற்றுப் பிறந்த கத்தி. அடுத்தது பிடியில் அடித்த ஆணி. பித்தளை ஆணியென்றால் தலையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு ஏறியிருக்க வேண்டும். பிறகு அலகு. துருப்பிடிக்கிற உருக்கா, பிடிக்காத எவர்சில்வரா? எழுத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். எழுத்தை யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன நான், ஸ்டேஷனில் நேராக எழுத்துக்குப் போனேன்.

ஏன் போனேன் என்பது உனக்குத் தெரியும். உன் தாத்தா பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்த கத்தி அது. மடக்குக் கத்தி இல்லை, அலகும் பிடியும் ஒன்றாக நிற்கிற நேர்க்கத்தி. பிடியை ஒட்டி ஒரு அம்புக்குறி, வெள்ளைக்காரச் சர்க்காரின் சாமான் என்பதற்கு அடையாளம். அம்புக்குக் கீழே இரண்டு எண், அது வருடம். முதல் எண் நாலு. இரண்டாவது தேய்ந்துவிட்டது. நான் மூன்று என்பேன், நீ எட்டு என்பாய். மூன்று என்றால் சண்டை நடந்த சமயம். எட்டு என்றால் சண்டை முடிந்து, தாத்தா ஊர் திரும்பி, வெள்ளைக்காரனும் போன பிறகு செய்த கத்தி. அதைப் பட்டாளத்தில் கொடுத்தார்கள் என்று அவர் சொன்னது பொய்யாகிவிடும்.

உன் அத்தை மகள் காதுகுத்தில், பந்தியில், எல்லார் முன்னாலும் நீ சொன்னாய்: "எட்டுதான்ப்பா அது. தாத்தா எங்கிட்டாச்சும் சந்தையில வாங்கியிருப்பாரு. பட்டாளம் கிட்டாளம்னு நம்மகிட்ட அளந்து விட்டுருக்காரு." பந்தி முழுக்கச் சிரித்தது. நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் உன்னோடு பேசவில்லை. உன் அம்மா நம் இருவருக்கும் நடுவில் நின்று, "ஒத்த நம்பருக்காகவா அப்பனும் மகனும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரியிறீக? அந்த எழவ அரத்த வச்சுச் சுரண்டிப்புட்டா முடிஞ்சு போச்சு, ரெண்டு பேருக்கும் இல்ல" என்றாள். அப்போதும் நான் இறங்கி வரவில்லை. மகன் கேட்ட கேள்விக்குக் கோபத்தைப் பதிலாகக் கொடுத்தேன். நீ பதிலை வெளியூரில் தேடிப் போனாய். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறந்து எதிர்த்துப் பேசினால், இலையை விட்டு மட்டும் எழுந்துவிடாதே. உட்கார்ந்து சாப்பிட்டு முடி.

அன்றைக்கே வெறும் உறையோடு என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ச் சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டார். "அய்யா, கத்தியப் பாத்தா வருசமே சொல்லிருவீகளாமே?" என்றார். மனசு குளிர்ந்து போனது. மேஜைமேல் கத்தியை வைத்து லென்ஸையும் கொடுத்தார். அம்புக்குறி இருந்தது. கீழே நாலு. பக்கத்தில் மூன்று, தெளிவாக, பிசிறில்லாமல். எத்தனை வருடமாக நான் அடித்துச் சொன்ன மூன்று! "பாத்தீகளா, மூணு! எம்புட்டுச் சொன்னேன், கேட்டானா? எட்டுங்கிறான் சார் எம் மகன்!" என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தாமல், "அப்ப உங்க மகனுக்கும் இந்தக் கத்தி நல்லாப் பழக்கம்தான், இல்லையா?" என்றார். "பழக்கமாவா? வீட்ல கெடந்த கத்தி சார்" என்றேன். ரைட்டர் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு கத்தியை நம் உறைக்குள் செருகிப் பார்த்தார்கள். கடைசி விரற்கடை உள்ளே போகவில்லை. அவர்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே நானே காரணம் சொன்னேன்: "தோல் சுருங்கியிருக்கும் சார், பழசில்லையா." அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் உன் அம்மா பின்கட்டில் புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பித்தளைச் செம்பை விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் பேர் வெட்டிக் கொடுத்த செம்பு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "என்னங்க, எங்கம்மா பேரு தேஞ்சே போச்சுங்க. ஒத்த எழுத்தக் காணோம்" என்றாள். செம்பை வாங்கி விரலால் தடவிப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அந்தக் கத்தியை நான்தான் விளக்குவேன், இதே புளி, இதே செங்கல் பொடி. முகம் தெரிகிற மாதிரி பளபளக்காவிட்டால் சந்தனம் வைக்க விடமாட்டேன். நம் கத்தியில் அந்த எண்ணைத் தேய்த்து அழித்தது காலமோ துருவோ இல்லை, என் கைதான். நாம் இரண்டு பேரும் சண்டை போட்டதே அது படிக்க முடியாமல் போனதால்தான். அப்படியிருக்க ஸ்டேஷனில் அது எப்படி அவ்வளவு தெளிவாக இருந்தது? தேய்ந்த எழுத்து முளைக்காது.

அங்கேயே வாளிப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டேஷன் கத்தியைப் பிடியிலிருந்து மறுபடி பார்த்தேன். கண் எல்லாவற்றையும் பார்த்துத்தான் வைத்திருந்தது, நான்தான் கேட்கவில்லை. பிடியில் புது வார்னிஷ் வாசம். பித்தளை ஆணிதான், ஆனால் சுற்றிலும் களிம்பில்லை. அலகு நுனிவரை ஒரே கனம். நம்முடையது நுனிக்குப் போகப் போக மெலியும். உறைக்குள் முழுதும் போகாததற்கு அதுதான் காரணம். இது லாரிப் பட்டையை, லாரியின் ஸ்பிரிங் தகட்டை, வெட்டித் தேய்த்த அலகு. நம் கத்தியில் அம்பும் எண்ணும் ஒரே அச்சில் விழுந்து ஒரே மட்டத்தில் நிற்கும். இதில் நாலு நேராக இருந்தது, மூன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. இரும்பில் எண் பதிக்கிற நம்பர் பஞ்சை ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால் அடித்தால் அப்படித்தான் விழும். ஸ்டோரில் அந்தப் பஞ்சுகளைப் பெட்டி பெட்டியாக எடுத்துக் கொடுத்தவன் நான். பழைய பட்டாளத்துக் கத்தி என்று சொல்லி விற்பதற்காக ஏதோ ஒரு பட்டறையில் போன வருடமோ இந்த வருடமோ செய்த கத்தி அது.

உடனே ஸ்டேஷனுக்கு ஓடினேன். இந்தத் தடவை நாற்காலி இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியை மறுபடி காட்டச் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். "முந்தாநாளு மூணுன்னு மேசையத் தட்டிச் சொன்னீக. இன்னைக்கு ஆணி சரியில்ல, அச்சு சரியில்லங்கிறீக. பிள்ளப் பாசம் பேசுது பெரியவரே. வீட்டுக்குப் போங்க" என்றார். ரைட்டர் தலை நிமிரவில்லை. நான் சத்தம் போட்டேன், வெளியே தள்ளினார்கள். தள்ளியதை நான் மறக்கப்போவதில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. என் முதல் வார்த்தையை நம்பியவர்கள் இரண்டாவதை ஏன் நம்ப வேண்டும்?

உன் மாமா வந்தார். உன் அம்மாவின் தம்பி என்பதால் இதுவரை வீட்டுக்குள் விட்டிருந்தேன். "மச்சான், வீம்பு வேணாம். மாப்ளய சரண்டர் பண்ணிருவோம். ஏதோ கோவத்துல குத்திப்புட்டான்னு சொல்லிட்டா கொறச்சுப் போட்டுருவாங்க" என்றார். "குத்துனான்னு ஒனக்கு யாரு சொன்னது?" என்றேன். "நீங்கதான சொன்னீக, கையெழுத்துப் போட்டு?" என்றார். வீட்டை விட்டுப் போகச் சொன்னேன். செய்யாததைச் செய்ததாகச் சொல்லி நீ வெளியே வருவதைவிட, நான் உள்ளே போவது மேல். இதில் நான் மாறமாட்டேன்.

இனி என்னை உறங்கவிடாததைச் சொல்கிறேன். அந்தக் கத்தி நம் கத்தியைப் பார்த்துச் செய்தது. அம்புக்குறியும் அளவும் பிடியின் வளைவும் அப்படியே இருக்கின்றன. உன் பட்டறையில் லாரிப் பட்டையும் உண்டு, நம்பர் பஞ்சும் உண்டு. அப்படியென்றால் செய்தது யார்? நீயாக இருக்குமோ என்று ஒரு பகல் முழுக்க நினைத்தேன். பெற்றவன் நினைக்கக்கூடாததுதான், நினைத்தேன். பிறகு அந்த மூன்று கண்ணுக்கு முன்னால் வந்தது. நீ அடித்திருந்தால் எட்டு அடித்திருப்பாய். கழுத்தில் கத்தியை வைத்தாலும் நீ மூன்று அடிக்கமாட்டாய், நீ என் பிள்ளை. எந்தக் கோர்ட்டிலும் இது செல்லாது. எனக்குச் செல்லும். மூன்று என்று என் வாயிலிருந்து கேட்டவன்தான் அதை அடித்திருக்கிறான். நான் கத்தியைக் காட்டிப் பெருமையடித்த நாட்களில், உன் பட்டறையிலிருந்து வந்த ஒருவன் சிகரெட் அட்டையில் அதன் வடிவத்தை வரைந்துகொண்டு போனான். "அண்ணே, என்னா ஒரு அமைப்பு! இப்ப எவன் இப்படிச் செய்யிறான்?" என்றான். காபி கொடுத்து அனுப்பினேன். அவன் பெயரை இங்கே எழுதமாட்டேன். வரைந்ததைப் பார்த்தேன், அடித்ததைப் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லித்தான் உன்னை இந்த நிலையில் வைத்திருக்கிறேன். இன்னொரு பிள்ளைக்கும் அதைச் செய்யமாட்டேன்.

ஆகவே உன்னிடம் இருக்கும் நம் கத்தி ஒன்றுதான் உன்னைக் காப்பாற்றும். அதை நினைத்துத்தான் நடுங்குகிறேன். கத்தியோடு பிடிபடுவோமோ என்று பயந்து நீ அதை ஆற்றிலோ கிணற்றிலோ எறிந்துவிடலாம். எறிந்துவிட்டால் உலகத்தில் அந்தக் கத்தி ஒன்றுதான் என்று ஆகிவிடும், அது ஸ்டேஷனில் இருக்கிறது. பத்து நாளில் ஆயுத பூஜை வருகிறது. இருக்கிற இடத்தில் பழக்க தோஷத்தில் புளி போட்டு விளக்கிவிடாதே. மிச்சமிருக்கும் கொஞ்சமும் போய்விடும். கோர்ட்டில் லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது எட்டு என்று வந்தால் வரட்டும். உன் தாத்தா சந்தையில் வாங்கியதாகவே இருக்கட்டும். அவர் பேரைவிட நீ எனக்குப் பெரிது. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கக்கூடாது.

இனி செய்ய வேண்டியவை.

வக்கீல் கே.கே. நகரில் இருக்கிறார், நம் ஊர்ப்பக்கத்துக்காரர், வீடு உனக்குத் தெரியும். இரண்டு கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விஷயம் தெரிந்தவரைக் கொண்டு பார்க்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுவது அவர் பொறுப்பு. ஸ்டேஷனில் இருக்கும் கத்தியை யாரும் தேய்க்கவோ எண்ணெய் போடவோ கூடாது என்றும் அதில் எழுதுவார்.

உன் அம்மா கோர்ட்டுக்கு வந்து, சம்பவத்துக்கு நாலு நாள் முன்பே நீ கத்தியைப் பைக்குள் வைத்ததையும் எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். பயப்படுகிறாள். நான் பக்கத்தில் நின்றால் வாய் திறக்கமாட்டாள். ஆகவே நான் வெளியே நிற்பேன்.

உன் மாமாவை மறுபடி வரச்சொல்லிவிட்டேன். அவர் தினமும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் செல்வத்தின் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

நான் கோர்ட்டில் ஏறி, பெருமைக்காகத் தப்பாகச் சொன்னேன் என்று சொல்வேன். பொய்ச் சாட்சி என்று தண்டித்தால் வாங்கிக்கொள்வேன்.

நீ பஸ் டிக்கெட்டைத் தேடு. சட்டைப் பையில், பை மடிப்பில் எங்காவது இருக்கும். எத்தனை மணிக்கு ஏறினாய் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். கத்தியைத் துணியில் சுற்றி இருக்கிற இடத்திலேயே வைத்துவிட்டு வா. கூட எடுத்துக்கொண்டு பஸ் ஏறாதே. வக்கீல் ஆள் அனுப்பி, சாட்சி வைத்து எடுத்துக்கொள்வார். நடந்தது எதுவாக இருந்தாலும் முதலில் அவரிடம் சொல். நீ குத்தியிருந்தால் அதையும் சொல். அப்போதும் அந்தக் கத்தி நம்முடையது இல்லை என்று மட்டும்தான் நான் சொல்வேன், ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன். வாராவாரம் சோறு கட்டிக்கொண்டு வருவேன்.

பகலில் வா, கடைகள் திறந்திருக்கும் நேரத்தில், பெரிய ரோட்டு வழியாக. ஜீப்பைக் கண்டால் ஓடாதே. நின்றுகொள். இரண்டு கையும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்.

அப்பா